பாட்டுக்கு ஒரு கூரை

ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் வாசிப்பு உண்டு. டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது, மேடையும் கிடையாது. கூடத்தில் உட்கார்ந்தவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்பார்கள். ஊரின் பெரிய வித்வான்களே வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்ட வாசிப்பு அது. தனம்மாள் 1938இல் மறைந்தார். அவருடைய இசையைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் அதன் நிதானத்தையும் அடக்கத்தையும் சொல்லாமல் விட்டதில்லை. அந்த அடக்கத்தில் அவருடைய மேதைமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தக் கூடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நாற்பது ஐம்பது பேர் உட்காரும் ஓர் அறையில் வீணையை உரக்க மீட்ட வேண்டிய அவசியமே இல்லை.

சென்னையின் இசையைப் பற்றிப் பேசும்போது பாடியவர்களைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். அவர்கள் பாடிய இடங்களைப் பற்றிய பேச்சு கேண்டீன் கீரை வடையோடு நின்றுவிடுகிறது. எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், யாருக்கு முன்னால், எந்தச் சுருதியில் என்பதையெல்லாம் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இடம். அந்த இடங்கள் நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கின்றன, வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால், யுனெஸ்கோ 2017இல் படைப்பாற்றல் நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்த இந்த ஊரின் மறுபக்கம் தெரியும்.

கதை வடக்கே தொடங்குகிறது. இன்று சபா என்றதும் மயிலாப்பூரும் தியாகராய நகரும் நினைவுக்கு வருகின்றன. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு பணமும் வியாபாரமும் ஜார்ஜ் டவுனில் இருந்தன. பஜனைக் கூடங்களும் வணிகர்களின் வீட்டுக் கச்சேரிகளும் அங்கேதான் நடந்தன. பஜனைக்கும் ஹரிகதைக்கும் கூடிய கூட்டங்களே மெல்லச் சபாக்களாயின. சௌந்தர்ய மஹால் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் இருந்தது. கோகலே ஹால் ஆர்மேனியன் தெருவில் எழுந்தது. அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்துக்காக 1914இல் கட்டப்பட்ட அந்த மண்டபம் சுயராஜ்யப் பேச்சுகளையும் கேட்டது, கச்சேரிகளையும் கேட்டது. பிற்காலத்தில் அதன் இடிப்பு வேலை தொடங்கி, வழக்குக்குப் போய், பாதியில் நின்றது. கூரை போன ஒரு சங்கீத மண்டபத்தைப் பார்ப்பது மனத்தைப் பிசையும் காட்சி.

வெள்ளைக்கார ஆட்சிக்காலம் விட்டுச்சென்ற அரங்கங்கள் வேறு வகை. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா பப்ளிக் ஹால், அரசி விக்டோரியாவின் பொன்விழாவை நினைவுகூரக் கட்டப்பட்டது. வரைந்தவர் ராபர்ட் சிஸம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் மியூசியம் தியேட்டர் 1896ஆம் வருஷத்தது. மேற்கத்தியக் கூட்டுப்பாடலுக்கும் ஆங்கில நாடகத்துக்கும் பெயர் பெற்ற அரங்கு. மைக் வருவதற்கு முன்பே மனிதக் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுசேர்க்கும் நோக்கத்தில் கட்டியதால், இன்றைக்கும் அங்கே ஒருவர் இயல்பாகப் பேசினால் பின்வரிசையில் கேட்கும்.

திருவல்லிக்கேணியின் பார்த்தசாரதி சுவாமி சபா பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் வந்தது. இன்றும் நடந்துவரும் சபாக்களில் மூத்தது அதுதான். பெரிய திருப்பம் 1927 டிசம்பரில் நேர்ந்தது. அந்த வருஷம் இந்திய தேசியக் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அந்த மாநாட்டின் தீர்மானத்திலிருந்து பிறந்த மியூசிக் அகாதெமி 1928 ஆகஸ்டில் தொடக்கவிழா கண்டது. அதன் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைத்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை, நீதிமன்றங்களுக்கு ஓய்வு, வெளியூர்க்காரர்கள் வர வசதி, சென்னையில் வெயில் தணியும் காலம், எல்லாம் கூடிவந்தன. மார்கழியின் திருப்பாவையும் அதோடு சேர்ந்துகொண்டதும் சீசனுக்கு ஒரு பக்திப் போர்வை கிடைத்தது. நம்மில் பலர் இன்று மிகப் பழைய மரபு என்று எண்ணும் மார்கழி சீசனுக்கு நூறு வயதுகூட இன்னும் ஆகவில்லை.

அகாதெமிக்குச் சொந்தக் கூரை கிடைக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பந்தலும் பள்ளிக்கூடமும்தான். 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1962இல் அரங்கம் திறந்தது. இன்று டி.டி.கே. பெயரில் விளங்கும் அதில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். கீழே தரை, மேலே பால்கனி. தனம்மாள் வீட்டுக் கூடத்தையும் இந்த அரங்கத்தையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தால், கால் நூற்றாண்டுக்குள் கர்நாடக இசை எவ்வளவு பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது என்பது புரியும்.

இதே காலத்தில் தெற்கு நோக்கி ஊர் நகர்ந்தது. வக்கீல்கள், டாக்டர்கள், அரசு உத்தியோகஸ்தர்கள் மயிலாப்பூருக்கும் புதிதாக உருவான தியாகராய நகருக்கும் வந்தார்கள். சபாக்களும் கூடவே வந்தன. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் வாணி மஹால். அதை நடத்தும் தியாக பிரும்ம கான சபாவை 1945இல் தொடங்கியதில் நடிகரும் பாடகருமான சித்தூர் நாகையாவின் பங்கு பெரிது. ஐம்பதுகளில் கிருஷ்ண கான சபா, மைலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், நாரத கான சபா எனப் பட்டியல் நீள்கிறது. போகப்போக நங்கநல்லூருக்கும் குரோம்பேட்டைக்கும் சபாக்கள் போய்ச் சேர்ந்தன. வட சென்னையை நோக்கிப் போனவை மிகக் குறைவு.

ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. எஸ்பிளனேடில், உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஜா அண்ணாமலை மன்றம். மேடைகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் கோலோச்ச, தமிழ்ப்பாட்டு கடைசியில் துக்கடாவாக ஒதுங்கியிருந்த நிலையை எதிர்த்து எழுந்தது தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார், கல்கி எழுதினார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. சங்கத்துக்கு என்று ஐம்பதுகளில் அந்த மன்றம் எழுந்தது. தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டங்களை வருஷாவருஷம் நடத்தியது இந்தச் சங்கத்தின் அழுத்தமான பணி. ‘எங்கள் பாட்டை உங்கள் மேடையில் பாடவிடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டே இருக்காமல் சொந்தமாக ஒரு மேடை கட்டியதுதான் அந்த இயக்கத்தின் பெரிய சாதனை என்று தோன்றுகிறது. மேடை ஒன்று நிலையாக இருந்ததால் வாதம் ஓய்ந்த பிறகும் பாட்டு ஓயவில்லை.

சீசனுக்கு வருவோம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை நகரத்தில் நடக்கும் கச்சேரிகள் ஆயிரத்துக்கு மேல். ஒரே சபாவில் காலையில் விரிவுரை, நண்பகலில் ஒரு கச்சேரி, பிற்பகலில் இன்னொன்று, மாலையில் பெரிய வித்வான், இரவு நாட்டியம் அல்லது இன்னொரு கச்சேரி என்று மேடை காய்வதே இல்லை. ஒரு காலத்தில் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் நீண்ட கச்சேரியை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கிக் கச்சிதமான ஒரு பந்தியாக வகுத்துக் கொடுத்தார். பட்டணத்து ரசிகனின் பொறுமைக்கும் கடைசி பஸ்ஸுக்கும் அது பொருந்தியது. அடுத்த கச்சேரிக்காரர் பக்கவாத்தியத்தோடு வாசலில் நிற்கும் காலம் வந்ததும் இரண்டரை மணி நேரம் மாலைக்கு, ஒன்றரை மணி நேரம் நண்பகலுக்கு என்று கடிகாரம் சட்டம் போட்டது. ஒன்றரை மணி நேரத்தில் ராகம் தானம் பல்லவிக்கு மனம் விட்டு இடம் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? விரிவான ஆலாபனை அருகிவருகிறது என்று வருந்துகிறவர்கள் பாடகர்களைக் குறை சொல்வதற்கு முன் அரங்கத்தின் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அந்த அட்டவணைக்குள் ஒரு படிநிலையும் இருக்கிறது. நண்பகல் கச்சேரிக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. பாடுகிறவர் இளைஞர், கேட்கிறவர்கள் ஓய்வுபெற்றவர்கள், சொந்தக்காரர்கள், குருவின் மற்ற சீடர்கள். மாலைக்கு டிக்கெட், உறுப்பினர் இருக்கை, முன்வரிசை நன்கொடையாளர்கள். நண்பகலிலிருந்து மாலைக்கு நகர ஒருவருக்குப் பத்து வருஷம் ஆகலாம், ஆகாமலேயும் போகலாம். இத்தனைக்கும் பல சமயம் அந்த நாளின் நல்ல கச்சேரி, பாதி காலியான அந்த நண்பகல் அரங்கில்தான் நடந்திருக்கும். சீசனுக்கென்று விடுப்பெடுத்து வெளியூரிலிருந்து வரும் தேர்ந்த ரசிகர்கள் நண்பகலைத் தவறவிடுவதில்லை.

இனி ஒலி. சென்னை சபாக்களின் தீராத குறை இது. பல அரங்கங்கள் நாடகத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் சேர்த்துக் கட்டப்பட்டவை. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் எதிரொலி சீக்கிரம் அடங்க வேண்டும். இசைக்கு அது சற்று நின்று தேய வேண்டும். இரண்டையும் ஒரே கூரை தருவது கடினம் என்பதால் மைக்கிடம் பொறுப்பு போய்விட்டது. பாடகர் பாட்டின் நடுவே விரலை மேலே காட்டுகிறார், மைக்காரர் ஏற்றுகிறார். வயலின்காரர் மானிட்டரைச் சுட்டிக்காட்டுகிறார், அதுவும் ஏறுகிறது. மிருதங்கத்தின் தொப்பி இடியாக விழுகிறது. தம்பூரா இருந்த இடத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி வந்து அதற்கும் தனியாக ஒரு மைக் வந்தாயிற்று. எல்லோரும் ஏற ஏற, வீணை வெளியேறுகிறது. தனி வீணைக் கச்சேரிகள் முக்கிய மேடைகளில் குறைந்துபோனதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். உரத்த அரங்கம் அவற்றில் ஒன்று. மேடையில் இருப்பவரின் காதுக்காக ஒலியை அமைப்பதும், அரங்கில் இருப்பவரின் காதுக்காக அமைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரமாக அமர்த்திக்கொள்ளும் செலவு, மேடை அலங்காரச் செலவை ஒப்பிட்டால் பெரிதல்ல.

இதற்கு மாற்று மருந்தும் மயிலாப்பூரிலேயே கிடைக்கிறது. லஸ் பக்கத்தில் ராகசுதா ஹால், ஆர்கே கன்வென்ஷன் சென்டர் போன்ற சின்ன அரங்குகளில் நூறு, இருநூறு பேர் பாடகரின் முகபாவம் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாத கச்சேரிகள் நடந்திருக்கின்றன. காகமும் ஆட்டோ ஹாரனும் நடுவே புகும், ஆனாலும் குரல் குரலாகவே வந்து சேரும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் அரங்கம் கேரளக் கூத்தம்பல முறையைத் தழுவி, அப்புக்குட்டன் நாயரின் வடிவமைப்பில் எழுந்தது. உயர்ந்த கூரையும் காற்றோட்டமும் மரத்தின் வாசனையுமாக, இந்த வெப்ப ஊரில் கட்டத் தகுந்த அரங்கம் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தைப் படித்து யாரும் இன்னொன்று கட்டவில்லை என்பது வருத்தம்.

அரங்கமே ஆகாத வாத்தியம் ஒன்று இருக்கிறது: நாகஸ்வரம். திறந்த வெளிக்கும் வீதிக்கும் பிறந்த அதைக் குளிர்பதன அரங்கில் மைக் முன்னால் உட்கார வைத்தால் வாத்தியமும் திணறும், காதும் திணறும். சபாக்கள் அதைத் தொடக்க நாளின் மங்கள இசையாகச் சுருக்கிவிட்டன. அதன் கம்பீரம் தெரிய வேண்டுமானால் பங்குனியில் கபாலீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும். சுவாமி புறப்படும்போது மல்லாரி தொடங்கி, தவிலோடு மாட வீதி திரும்பும் ராகம் மணிக்கணக்கில் வளரும். கேட்கிறவர்கள் கூடவே நடப்பார்கள். நாற்காலி இல்லை, டிக்கெட் இல்லை, பூக்காரரும் போலீஸ்காரரும் ஐ.டி. ஊழியரும் ஒரே தெருவில். சென்னையின் மிகப் பழைய, மிகப் பெரிய, மிகச் சிறந்த இசை அரங்கம் எது என்று கேட்டால் அந்த நான்கு மாட வீதிகளைத்தான் சொல்ல வேண்டும். மேற்கு மாம்பலத்தில் ஆரிய கௌடா சாலையின் அயோத்தியா மண்டபமும் இந்த வகை. ராமநவமிக் கச்சேரிகளில் உள்ளே இடம் இல்லாதவர்கள் சாலையோரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வீதியின் பாட்டுக்கு வட சென்னையில் வேறொரு வரலாறு. அங்கே கானா பிறந்தது. சாவு வீட்டு வாசலில், இரவெல்லாம் விழித்திருக்க, இறந்தவரின் பெயரையும் வாழ்வையும் கோத்துப் பாடும் பாட்டு. அதற்கு மேடை என்பது தெருவில் போட்ட சாமியானாதான். சினிமா அதை எடுத்துக்கொண்டது, சபா எடுத்துக்கொள்ளவில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கானா பாடகர்களும் ராக், ராப் கலைஞர்களும் பறையோடும் கிதாரோடும் ஒன்றாக ஏறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி அது. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழா தொடங்கியது. மாதத்தின் பெயரையே உரிமையோடு எடுத்துக்கொண்ட அந்தத் தலைப்பில், நகரத்தின் மேடைகள் யாருக்கு என்ற கேள்வி நேராக இருக்கிறது.

அதே கேள்வியை வேறு திசையிலிருந்து கேட்டது ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் மற்றவர்களும் 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய அந்த மீனவர் குடியிருப்பில் மேடை போட்டார்கள். கர்நாடக இசையும் நாட்டார் கலைகளும் கடற்காற்றில் ஒரே மேடையைப் பகிர்ந்தன. அதற்கு முன்பே, 2007இல், சென்னை சங்கமம் பூங்காக்களையும் கடற்கரையையும் தெருமுனைகளையும் அரங்கமாக்கியிருந்தது. கரகமும் தேவராட்டமும் ஒயிலாட்டமும் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆட்சி மாறியதும் நின்ற அந்த விழா 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’வாகத் திரும்பியது. இப்படி ஒரு விழா ஆட்சிக்கு ஆட்சி அறுந்துபோவது கலைஞர்களின் வயிற்றில் அடிப்பதாகும். பொங்கலுக்கு நாலு நாள் மேடை கிடைத்தவருக்கு மாசியிலும் ஆடியிலும் மேடை வேண்டாமா?

இளைஞர்களின் பேண்டுகளுக்கு இடம் இன்னும் குறைவு. பெங்களூரில் ஒரு பேண்டு வளர்வது மதுக்கூடங்களின் சின்ன மேடைகளில். தமிழ்நாட்டில் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் ஹோட்டல்களோடும் கிளப்புகளோடும் பிணைந்திருப்பதால், தெருவோரத்தில் ஐம்பது பேர் நின்று கேட்கும் மேடை இங்கே முளைக்கவே வழியில்லாமல் போயிற்று. மிச்சம் இருப்பது கல்லூரி விழாக்கள். ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவும் அதன் திறந்தவெளி அரங்கமும் பல தலைமுறைக்கு ராக் இசையின் முதல் அனுபவம். அடையாறின் அன்வைண்ட் சென்டர், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், சேத்துப்பட்டு லேடி ஆண்டாள் பள்ளியின் முத்தா வேங்கடசுப்பா ராவ் அரங்கம் ஆகியவை இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தன. மது இல்லாமலும் ஒரு சின்ன இசைக்கூடம் பிழைக்க முடியும் என்பதற்குச் சபாவின் கேண்டீனே சாட்சி. காபியும் சாம்பார் வடையும் கூட்டத்தைக் கட்டி வைத்திருக்கும் ஊர் இது.

மறுகோடியில் திரையிசையின் பெருங்கூட்டம். நேரு உள்விளையாட்டரங்கம், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போன்ற இடங்களில் இளையராஜாவைக் கேட்க ஆயிரக்கணக்கில் திரண்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் இசைக்காகக் கட்டியது இல்லை. அதன் ஆபத்து 2023 செப்டம்பர் 10 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்களில் ஏராளமானோர் உள்ளே நுழையவே முடியவில்லை. நெரிசலில் குழந்தைகள் அழுதார்கள், பெண்கள் தங்களுக்கு நேர்ந்த தொல்லையைப் பகிரங்கமாகச் சொன்னார்கள், சாலை மணிக்கணக்கில் உறைந்தது. ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார். பணம் திருப்பித் தரப்பட்டது. அந்தச் சாலையில் ரயில் இல்லை. அத்தனை பேரும் சாலை வழியாகவே வந்தாக வேண்டும், அதே வழியாகவே திரும்பியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் நந்தனத்தில் பாடி, ரஹ்மானும் மேடையேறியபோது, மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மெட்ரோ நிலையம் இருந்தது. பெரிய நிகழ்ச்சி எங்கே நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்க மைதானத்தின் பரப்பளவைவிடக் கடைசி ரயிலின் நேரமே நல்ல அளவுகோல்.

இத்தனை இடங்களும் சேர்ந்து ஒரு நகரத்துக்குப் போதும் என்று தோன்றலாம். பிப்ரவரி முடிந்ததும் நிலைமை தெரியும். பெரிய அரங்கங்கள் பட்டமளிப்பு, நாட்டிய அரங்கேற்றம், நிறுவன விழா என வாடகைக்கு ஓடுகின்றன. ஓடித்தான் ஆக வேண்டும், மின்கட்டணம் யார் கட்டுவது? மாதாந்திர சபாக் கச்சேரிகள் நடக்கின்றன, கூட்டம் மெலிகிறது. அரங்கம் வேண்டும் நாளில் வாடகை கட்டுப்படியாகாத சின்னக் குழுக்கள், வாரநாள் மாலைகளில் பூட்டிக் கிடக்கும் அதே அரங்கத்தைக் கடந்து வீட்டுக்குப் போகின்றன. நகரத்தின் மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாய நலக்கூடங்களிலும் மேடைகள் இருக்கின்றன. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அவற்றில் நான்கைந்தைத் தேர்ந்து, நல்ல மரத்தளமும் ஒலி உறிஞ்சும் சுவரும் போட்டு, வாரத்தில் இரண்டு மாலை இசைக்கென்று ஒதுக்கினால், அடுத்த தலைமுறையின் நண்பகல் பாடகரும் கானா பாடகரும் ஒரே ஒப்பனை அறையில் காத்திருப்பார்கள்.

விக்டோரியா பப்ளிக் ஹாலின் புதுப்பிப்பு வேலையைச் சிங்காரச் சென்னை திட்டத்தின் கீழ் மாநகராட்சி எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் ரிப்பன் மாளிகை, மறுபக்கம் புறநகர் ரயில், அருகே சென்ட்ரல், பூமிக்கடியில் மெட்ரோ. எண்ணூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஒரே ரயிலில் வந்து இறங்கி, நடந்தே உள்ளே நுழையலாம். கச்சேரி ஒன்பதரைக்கு முடிந்தாலும் வீடு திரும்ப வண்டி இருக்கும். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்பு அங்கே திரை உயர்ந்தபோது வட சென்னைதான் ஊர். அந்த மேடையில் யாரை ஏற்றுவது என்பதை யோசிக்கிறவர்கள், தண்டவாளத்துக்கு வடக்கே உள்ள தெருக்களிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்கலாம்.